இடப்பக்கப் பின்கதவு

பெருங்குடியில் ஏறியவர்.
இரவு பதினொன்றே முக்கால்.
வால்மீகி நகரில், கடல் சத்தம் கேட்கிற தெருவில்
"இங்கேதாங்க" என்றார்.
நிறுத்தினேன்.

கைப்பிடியை இழுத்தார்.
டக்.
இன்னொரு முறை. டக்.
கதவு அசையவில்லை.

எனக்குத் தெரியும் அந்தக் கதவை.
இழுத்தபடியே தோளால் ஒரு இடி இடிக்க வேண்டும்.
ஐந்து மாதமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன்,
ஊர் வழக்கம் சொல்வதுபோல,
சிரித்துக்கொண்டே.

சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வலப்பக்கம் நகர்ந்துவிட்டார்.
மத்தியானம் ஏறிய இரட்டைப் பிள்ளைகளுக்காக
நான் தள்ளிவிட்டிருந்த குழந்தைப் பூட்டு
அங்கே விழித்திருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன்.
அந்த முகத்தை இங்கே எழுத மாட்டேன்.

"ஒரு நிமிஷம்மா" என்று
நான் இறங்கிச் சுற்றி வந்ததுதான்
செய்த தப்புகளிலேயே பெரியது.
இருட்டில் ஒரு ஆள்
அவர் கதவை நோக்கி நடந்து வந்தான்.
அந்த ஆள் நான்.

வெளியிலிருந்து சுலபமாகத் திறந்தது.
வீட்டுச் சாவி விரலிடுக்கில் கத்தியாக நின்றது.
மீதி முப்பது ரூபாய் வாங்காமல்
கேட் வரை நடந்தார், பிறகு ஓடினார்.

காலையில் ஒரு நட்சத்திரம் வந்திருந்தது.
நியாயம்.

தரமணி ரயில் பாலத்தடி நிழலில்
கதவின் உள்தோலைக் கழற்றினேன்.
மூன்று திருகு, ஏழு கிளிப்,
உடைந்தது இரண்டு.
உள்ளே ஒரு ஹேர்பின், பஸ் டிக்கெட்,
வேப்பஞ்சருகு,
அடியில் விரற்கடை உயரத்துக்கு
காய்ந்த சாம்பல் நிறச் சேறு.
'வெள்ளம் பார்க்காத வண்டி' என்று
சத்தியம் செய்து விற்றவனை நினைத்துக்கொண்டேன்.
நானும்தான் யாரிடமும்
முழுசாகச் சொல்லவில்லை.

தண்ணீர் வடியும் ஓட்டைகளை
துடைப்பக் குச்சியால் குத்தித் திறந்தேன்.
கீலில் உப்புத் துரு, இந்த ஊர்க் காற்றின் கையெழுத்து.
பழைய பல்துலக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய்.
துடைத்துக் காய்ந்த பிறகு
வெள்ளை கிரீஸ்,
பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம்;
அதிகம் வைத்தால் ஓ.எம்.ஆர். தூசியெல்லாம்
குடிவந்துவிடும்.

சாவித் துவாரத்துக்கு எண்ணெய் ஆகாது.
பென்சில் முனையைச் சுரண்டி
கரித்தூளைச் சாவியில் தடவி
உள்ளே வெளியே, உள்ளே வெளியே.
ரப்பர் பட்டைக்கு சிலிக்கான்.
பூட்டின் கொக்கி நண்டுக் கொடுக்கு மாதிரி.
கதவைத் திறந்து வைத்தே
ஸ்க்ரூடிரைவரால் அதை மூட வைத்தேன்.
உள்கைப்பிடியை இழுத்தேன்.
கொடுக்கு சோம்பலாக, பாதி விட்டது.
கைப்பிடியிலிருந்து போகும் கேபிளில்
சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறக்கி
தளர்ந்த கிளிப்பை மாற்றினேன்.
புதுப்பேட்டையில் நாற்பது ரூபாய்.

நாற்பது ரூபாய்.

எல்லாம் மாட்டிய பிறகு
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
நான்கு வருடத்தில் முதல் தடவை.
இங்கிருந்து பார்த்தால்
டிரைவர் சீட்டின் முதுகு எவ்வளவு உயரம்.
கண்ணாடியில் இரண்டு கண் இருக்கும் இடம்
சரியாக நம்மேல் விழுகிறது.
கதவைச் சாத்தினேன்.
ஏசி இல்லை, பாட்டு இல்லை.
இழுத்தேன்.

திறந்தது.

சாத்தி, மறுபடி இழுத்தேன். மறுபடி.
"இன்னாபா, கதவோட விளையாட்டு?" என்றான்
பக்கத்து ஆட்டோ கிளமென்ட்.
எண்ணிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.
வலது கதவின் குழந்தைப் பூட்டையும்
எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் முதல் சவாரி, சைதாப்பேட்டை.
கல்லூரிப் பெண் ஒருத்தி
போனில் யாரையோ திட்டிக்கொண்டே
ஒரு விரலால் கதவைத் திறந்து இறங்கிப் போனாள்,
கதவு என்று ஒன்று
இருந்ததே தெரியாமல்.